எல்லைக்கு அப்பால் ஓர் ஏரிக்கரைக் கிராமம்

கோடையில் ஒரு நாள் குடும்பத்துடன் வெளியே சென்றுவர விரும்பும் மொன்றியல் அன்பர்களுக்கு ஏற்ற இடம் சரனாக் லேக். நியூயோர்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைகளுக்கிடையே, ஃபிளவர் ஏரிக்கரையில் உள்ள இக்கிராமம் காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். கடவுச்சீட்டை மறவாதீர்கள்.

ஏரியைப் பார்த்தபின் வீதிகளிலும் நடந்து பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் கண்ணாடி அடைத்த விறாந்தைகளைக் காணலாம். காசநோயாளிகள் கடுங்குளிரிலும் போர்வைக்குள் படுத்து மலைக்காற்றைச் சுவாசித்த இடங்கள் அவை. தாமும் அந்நோய்க்கு ஆளான டாக்டர் எட்வேர்ட் ட்ரூடோ, இக்காற்றும் ஓய்வும் தமக்குச் சுகம் தந்ததைக் கண்டு 1884இல் இங்கே ஓர் ஆரோக்கிய நிலையத்தைத் தொடங்கினார். 1894இல் அவர் அமைத்த ஆய்வுகூடம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. மொன்றியலில் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தருகே சிலையாக நிற்கும் டாக்டர் நோர்மன் பெதூனும் 1926-27இல் அந்நிலையத்தில் சிகிச்சை பெற்றவரே.

ஆனால் எல்லோரும் பிழைக்கவில்லை. ட்ரூடோவும் 1915இல் அந்நோயாலேயே காலமானார். மருந்துகள் வந்தபின், 1954இல் நிலையம் மூடப்பட்டது. 1959இல் வெளியான சென்னை ஆய்வு 193 நோயாளிகளை இரு பிரிவாக்கிக் கவனித்தது. நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடி ஒழுங்காக மருந்துண்டவர்களும், ஆரோக்கிய நிலையத்தில் தங்கியவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தனர்.

ஆயினும் நம்மவரிடையே இந்நோயை ஒளிக்கும் வழக்கம் இன்னும் உண்டு. இரண்டு மூன்று வாரம் நீடிக்கும் இருமலை வைத்தியரிடம் காட்டுங்கள். சரனாக் லேக்குக்கு உல்லாசமாகவே போய்வாருங்கள்.