உங்களுக்குத் தெரியுமா? சக்கரம் இல்லாத கரண்ட்

● கேரளத்தின் ஏலப்பாறையில் எரியும் பல்பும் காஷ்மீரில் எரியும் பல்பும் ஒரே துடிப்புக்குக் கட்டுப்பட்டவை: நொடிக்கு 50 சுற்று. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் தெற்கை மற்ற இந்தியாவோடு இணைத்தது. அதற்கு முன் தெற்கு தனி. 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தப்பித்ததும் அதனால்தான்.

● ஏலப்பாறை இருக்கும் இடுக்கி மாவட்டத்திலேயே, மூலமற்றத்தில் மலையைக் குடைந்து 130 மெகாவாட் எந்திரங்கள் ஆறு வைத்திருக்கிறார்கள். திடீரென லோடு கூடினால், அவற்றின் கனத்த சுழலிகள் தம் வேகத்திலிருந்தே சில நொடிகளுக்குச் சக்தி தரும். அதற்குள் தண்ணீர் வால்வு கூடுதலாகத் திறந்துகொள்ளும். சோலார் பேனலில் சுழல எதுவுமே இல்லை!

● கரண்ட் போனால், வெயில் கொளுத்தினாலும் பேட்டரி இல்லாத கூரை சோலார் நின்றுவிடும். அதன் இன்வெர்ட்டர் லைனில் வரும் அலையைப் பார்த்துப் பின்தொடர மட்டுமே அறிந்தது. லைன் செத்த பிறகும் அது ஓடினால், கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் அப்படியல்ல. 50 துடிப்பைத் தானே உண்டாக்கும்.

● 2025 பிப்ரவரி 9, இலங்கை முழுக்க இருட்டு. பாணந்துறை துணைமின் நிலையத்தில் புகுந்த குரங்குதான் காரணம் என்றார் அமைச்சர். பாவம், குரங்கு! ஞாயிறு பகல், தேவை குறைவு, சோலார் ஏராளம், சுழலும் எந்திரங்களோ கொஞ்சம். அதிர்ச்சியைத் தாங்க ஆளில்லை.

● யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய மானியத்தில் கலப்பு மின்திட்டம். ஒப்பந்தம் 2024 மார்ச்சில். மூன்றுக்கும் சேர்த்து சோலார் 1,700 கிலோவாட், காற்றாலை 530, பேட்டரி 2,400 யூனிட். 2,500 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர்கள் துணைக்கு மட்டும்.

● பல இன்வெர்ட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமலே சுமையைப் பங்கிட முடியும். சுமை ஏற ஏற, ஒவ்வொன்றும் தன் துடிப்பை 50-லிருந்து துளி இறக்கும். அதிகம் சுமப்பது அதிகம் இறங்கும். இறங்கியது பின்தங்குவதால், அதன் சுமையில் ஒரு பங்கு மற்றவற்றுக்குப் போய்விடும். எல்லாம் ஒரே துடிப்புக்கு வந்ததும் பங்கீடு முடிந்தது.

● கரீபியன் கடலின் சின்ட் யூஸ்டேஷியஸ் தீவில், 2017 முதல் நல்ல வெயில் நாட்களில் டீசல் எந்திரங்களை அடியோடு அணைத்துவிடுகிறார்கள். துடிப்பைத் தருவது பேட்டரி இன்வெர்ட்டர்கள்தான்.