காரணம் தெரியாத ரத்த உறைவு: காப்பீடு எட்டாத பரிசோதனைகள்

புது தில்லி: எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிக்கிறது. அடிபடவில்லை, அண்மையில் அறுவை சிகிச்சை எதுவும் இல்லை, நாள்கணக்கில் படுத்திருக்கவும் இல்லை. அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில், தொடைச் சிரையில் ரத்தம் உறைந்திருப்பது தெரிகிறது. அது பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உடனே தொடங்கப்படுகிறது. ஆனால், ரத்தம் ஏன் உறைந்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

முதியோரைப் பொருத்தவரை அதற்கான விடைகளில் பெரிதும் அஞ்சத்தக்கது, மறைந்திருக்கும் புற்றுநோய். பாரீஸ் மருத்துவர் ஆர்மன்ட் ட்ரூசோ 1865-லேயே இத்தொடர்பைச் சுட்டிக்காட்டினார். பின்னர் தமக்கே சிரையில் உறைவு ஏற்பட்டபோது அதன் பொருளை உணர்ந்த அவர், 1867-ல் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

அனைவருக்கும் ஸ்கேன் தேவையா?

தேவையில்லை என்கிறது 2015-ல் வெளியான கனடா ஆய்வு. காரணம் தெரியாத உறைவு ஏற்பட்ட 854 பேரில், ஓராண்டுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டது 33 பேருக்கே. வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேனையும் சேர்த்ததால் கூடுதல் பயன் விளையவில்லை. விரிவான விசாரணை, உடற்பரிசோதனை, அடிப்படை ரத்தப் பரிசோதனைகள், மார்பு எக்ஸ்-ரே, வயதுக்கேற்ற புற்றுநோய்ச் சோதனைகள் ஆகியவையே முதல் படி. எனினும், ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது சுமார் 54. வயது கூடக் கூட அபாயமும் கூடும். எனவே எடைக் குறைவு, ரத்தசோகை, மலத்தில் ரத்தம் போன்ற அறிகுறிகள் தென்பட்டால், முதியோருக்கு மேல் ஆய்வைத் தாமதிக்கலாகாது.

15 நாள்கள் போதுமா?

எழுபது வயது நிரம்பிய அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரையிலான காப்பீடு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. ஆனால், அது மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோருக்கான திட்டம். அனுமதிக்கு முந்தைய 3 நாள்கள், வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான செலவை ஏற்கும். புறநோயாளி சிகிச்சையும், நோயறிவதற்கென மட்டும் செய்யப்படும் பரிசோதனைகளும் அதில் அடங்கா.

ரத்த உறைவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புற்றுநோயோ பல மாதங்கள் கழித்தும் வெளிப்படலாம். அதுவரை நோயாளி வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் வந்து செல்ல வேண்டியவர். அரசு மருத்துவமனைகளுக்கென 2015-ல் தொடங்கப்பட்ட இலவசப் பரிசோதனைத் திட்டம் அவருக்குக் கைகொடுக்கக்கூடும்; அது எட்டாத இடத்தில் செலவு அவருடையதே.

முற்றிய நோய்க்கு லட்சங்களைத் தர முன்வரும் திட்டம், அதை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் எளிய பரிசோதனைகளை விட்டுவைக்கலாமா என்பதே நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டிய கேள்வி.