அடுப்புப் புகையும் நம் மரபணுக்களும்



நல்ல நண்பனைக் கஸ்தூரி விற்பவருக்கும், தீய நண்பனைக் கொல்லன் உலையின் துருத்தியை ஊதுபவனுக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டுக் காட்டியதை நீங்கள் பயான்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். உவமை நட்பைப் பற்றியதுதான். ஆயினும், உலையின் அருகில் இருப்பவரை அதன் புகை தொடாமல் விடாது என்னும் உண்மையும் அதற்குள் பொதிந்திருக்கிறது. அந்தப் புகை ஆடையோடு நின்றுவிடுகிறதா, அல்லது உடலுக்குள்ளும் எதையேனும் விட்டுச் செல்கிறதா? அறிவியல் இதற்குத் தரும் விடையை நம் வீட்டுப் பெண்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

விறகும் சிலிண்டரும்

மதுரையை விட்டுத் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று எந்தத் திசையில் சென்றாலும் சீமைக் கருவேல மரங்களைக் காணலாம். காசில்லாமல் கிடைப்பதால் ஏழை வீட்டு அடுப்புக்கு அதுவே விறகு. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டத்திற்குப் பின் நாட்டின் பல கோடி ஏழை இல்லங்களுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது. ஆனால் சிலிண்டர் தீர்ந்தால் மறுபடி நிரப்பப் பணம் வேண்டுமே! ஆகவே தேநீர் வைக்கக் கேஸ், சோறு வடிக்கவும் வெந்நீர் போடவும் விறகு என்று இரண்டையும் வைத்துக் காலம் தள்ளும் குடும்பங்கள் பல.

நகரத்திலும் காற்று தூய்மையாக இல்லை. வாகனப் புகையும், தெருவோரம் எரிக்கப்படும் குப்பையும் அங்கு உண்டு. மத்திய அரசு 2019-இல் அறிவித்த தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நகரங்களில் மதுரையும் இடம்பெற்றுள்ளது.

சமையலறையின் நிலை என்ன? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் காற்றை அளந்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். விறகு எரியும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்தூசி மிதந்தது. நாள் முழுவதற்குமான சராசரியைப் பார்த்தால், சமைக்கும் பெண் சுவாசித்தது சுமார் 231 மைக்ரோகிராம். எரிவாயு போன்ற தூய எரிபொருள் உள்ள வீட்டாருக்கோ அது 82 அளவில் மட்டுமே இருந்தது.

காப்பாற்ற வந்ததே கேடாகும் விந்தை

இத்தூசியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே செல்லும் இரசாயனங்களுள் ஒன்று பென்சோபைரீன். விறகு, நிலக்கரி, புகையிலை, டீசல் என எது அரைகுறையாக எரிந்தாலும் இது பிறக்கும்.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவர் மெல்லிய செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லின் உள்ளேயும் டி.என்.ஏ. என்னும் நீண்ட ஏடு இருக்கிறது. நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட அந்த ஏட்டின் அத்தியாயங்களே மரபணுக்கள். பென்சோபைரீன் நுழைந்ததும் செல் அதை உணர்ந்து, அதனைக் கரைத்து வெளியேற்றுவதற்கான நொதியைச் சுரக்குமாறு ஒரு மரபணுவை முடுக்கிவிடுகிறது. இங்குதான் விந்தை! கரைக்கும் வேலையின் நடுவே, முன்னதைவிடக் கொடிய ஒரு பொருள் உருவாகிவிடுகிறது. அது டி.என்.ஏ. ஏட்டின் ஓர் எழுத்தின் மீது பசைபோல் ஒட்டிக்கொள்கிறது.

இதைச் சீர்செய்யவும் இறைவன் ஏற்பாடு செய்திருக்கிறான். ஒட்டியதை வெட்டியெடுத்துப் புது எழுத்தைப் பொருத்தும் நொதிகள் இரவு பகலாக உழைக்கின்றன. ஆனால் அன்றாடம் மூன்று வேளையும் புகை வந்துகொண்டே இருந்தால் பழுதுபார்க்கும் வேலை பின்தங்கிவிடும். பழுது நீங்குமுன் செல் இரண்டாகப் பிரிந்தால் பிழை நிரந்தரமாகிவிடும். செல்களின் கட்டுக்கடங்காத பெருக்கத்தைத் தடுக்கும் காவலனாகிய பி-53 என்னும் மரபணுவில் அப்பிழை நேர்ந்தால், அது புற்றுநோய்க்கு வழி திறக்கக்கூடும். நுரையீரல் புற்றுநோயில் பி-53 அடிக்கடி பழுதாகும் அதே இடங்களில்தான் பென்சோபைரீனின் வினைப்பொருளும் போய் ஒட்டுகிறது என்று 1996-இல் கண்டறியப்பட்டது.

இரண்டாவது வழி ஒன்றும் உண்டு. எழுத்து மாறாமலேயே, எந்த மரபணு பேச வேண்டும், எது மௌனமாக இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் அடையாளங்களைப் புகை மாற்றிவிடுகிறது. சளியைச் சுரக்கும் மரபணு ஓயாமல் பேசத் தொடங்கினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் அடங்க மறுத்தால் இருமலும் இளைப்பும் நிலைத்துவிடும்.

கல்கத்தாவும் சீனமும் சொல்வது

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள், கிராமத்துப் பெண்களின் உட்கன்னத்திலிருந்து செல்களை எடுத்து ஆராய்ந்தனர். விறகிலும் சாணத்திலும் சமைத்தவர்களிடம் டி.என்.ஏ. சிதைவும், குரோமோசோம் உடைந்து உருவாகும் நுண்கருக்களும், எரிவாயுவில் சமைத்தவர்களைவிட மிகுதியாக இருந்தன.

சீனாவின் யுன்னான் மாநிலத்தில் ஷுவான்வெய் என்றொரு பகுதி. அங்குள்ள பெண்கள் புகைபிடிப்பது அரிது. இருந்தும் அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிக அதிகம். புகைபோக்கி இல்லாத வீடுகளுக்குள் புகை கக்கும் நிலக்கரியை எரித்ததே காரணம் எனத் தெரிந்தது. அவ்வீடுகளில் புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்த பின் என்ன நேர்ந்தது தெரியுமா? ஆண்டுகள் பல கடந்த பின்னர், நோய் ஏற்படும் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக 2002-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஒரு புகைபோக்கி செய்த வேலை இது!

லண்டனின் ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிலையத்தார் 2023-இல் மற்றொன்றைக் காட்டினர். வயது ஏற ஏற, பிழையுள்ள சில செல்கள் நுரையீரலில் தாமாகவே தோன்றி உறங்கிக் கிடக்கின்றன. காற்றிலுள்ள நுண்தூசி அழற்சியை மூட்டி, அவற்றைத் தட்டியெழுப்பி விடுகிறது. ஒருபோதும் சிகரெட்டைத் தொடாதவருக்கும் இந்நோய் ஏன் வருகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

பரம்பரை என்று பழி சொல்லாதீர்கள்

“மரபணு” என்ற சொல்லைக் கேட்டதும் சிலர், “அப்படியானால் இது குடும்ப வியாதி” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெண் பார்க்கச் சென்ற இடத்தில், பெண்ணின் தாய் இருமுவதைக் கேட்டுச் சம்பந்தத்தைத் தவிர்ப்பவர்களும் உண்டு. இது அநியாயம். தாயின் மூச்சுக்குழாய்ச் செல்லில் புகையால் நேர்ந்த பிழை அந்தச் செல்லோடும் அதிலிருந்து பிரியும் செல்களோடும் நின்றுவிடும். அது கருமுட்டை வழியாக மகளுக்குச் செல்வதில்லை. நச்சை முறிக்கும் ஆற்றலில் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபாடு உண்டு என்பது உண்மையே. ஆனால் புகை இல்லாவிடில், இந்த நச்சைப் பொறுத்தவரை அந்த வேறுபாட்டுக்கு வேலையே இல்லை. தாய்க்கும் மகளுக்கும் ஒரே நோய் வந்தால், இருவரும் ஒரே அடுப்படியில் நின்றார்களா என்பதையும் கேளுங்கள்.

கருவுற்ற பெண்கள் மட்டும் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். தமிழகத்தில் 1,285 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சுவாசித்த நுண்தூசி கூடக் கூடப் பிறந்த குழந்தையின் எடை குறைவது தெரிந்தது.

நாம் செய்யக்கூடியவை

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. புகைபிடிப்பதை விட்டவர்களின் மூச்சுக்குழாயை ஆராய்ந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், பழுதுபடாத செல்கள் மீண்டும் பெருகி உட்சுவரைப் புதுப்பிப்பதை 2020-இல் கண்டனர். எல்லாத் தழும்புகளும் மறையாவிட்டாலும், புகை என்று நிற்கிறதோ அன்றே உடல் சீரமைப்பைத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே, இயன்றவரை எரிவாயுவில் சமையுங்கள். விறகு தவிர்க்க முடியாததாயின், நன்கு காய்ந்த விறகைப் புகைபோக்கியுள்ள அடுப்பிலோ, காற்றோட்டமான திறந்த வெளியிலோ எரியுங்கள். தீ மூட்ட பிளாஸ்டிக் பையையும் ரப்பரையும் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூத வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றின் புகையும் புகையே! சன்னலை அடைத்துவிட்டு அவற்றை ஏற்ற வேண்டாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் இல்லை என்று தெரிந்த பின்னும் இருமலோ இளைப்போ தொடர்ந்தால், “நான் விறகடுப்பில் சமைப்பவள்” என்பதை மருத்துவரிடம் மறக்காமல் கூறுங்கள்.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு சொல். வீட்டுக்குள் பீடி பிடிப்பவர் தம் மனைவி மக்களின் மூச்சையும் சேர்த்தே எரிக்கிறார். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்றால், நம் பொறுப்பில் உள்ளவர்களின் உடலும் அமானிதமே. சிலிண்டருக்கான பணத்தை வீட்டுச் செலவின் கடைசி வரியில் எழுதாமல் முதல் வரியில் எழுதுங்கள். மஹல்லா ஜமாஅத்தார், ஆதரவற்ற விதவைகளின் வீட்டுக்கு மாதம் ஒரு சிலிண்டர் நிரப்பித் தர முன்வந்தால் அது எத்தகைய ஸதகாவாக அமையும்!

அடுத்த முறை வலீமா விருந்தில் அமரும்போது, பின்கட்டில் தேக்சாவின் அருகே கண் சிவக்க நிற்கும் பண்டாரியையும் நினைத்துப் பாருங்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சுபவரும் அவ்வாறே புகையில் நிற்கிறார். அவர்களுக்குத் திறந்த, காற்றோட்டமான இடத்தை ஒதுக்கிக் கொடுப்பது பெரிய செலவன்று.

நம் வீடுகளிலிருந்து கஸ்தூரியின் நறுமணம் வீசட்டும். உலையின் புகை விலகட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.