வகுப்பறைக்குள் ஒரு கறுப்புப் பூனை

தரம் பத்தில் பகிடிக்குப் பேர்போன ஒரு பையன். வாரத்தில் இரண்டு நாள் "தலையிடி சேர்" என்பான். படிப்புக் கள்ளம் என்றே நானும் எண்ணினேன். பிள்ளைகளின் மனச்சோர்வு அழுத முகத்தோடுதான் வரும் என்றில்லை. தலையிடி, வயிற்றுக்குத்து, எரிச்சல் என்றும் வரும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முகாம்களில் வளர்ந்தவர்கள்தாம் இன்று பலருக்கு வாப்பாவும் உம்மாவும். "நாங்க படாத கஷ்டமா?" என்று அவர்கள் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

உலக சுகாதார நிறுவனம் 2012இல் மத்தியூ ஜோன்ஸ்டனின் சித்திரங்களைக் கொண்டு ஒரு குறும்படம் வெளியிட்டது. நாலு நிமிடம்தான். அதில் மனச்சோர்வு ஒரு கறுப்பு நாய். வகுப்பில் போட்டுத் தமிழில் விளக்கினேன். "நாய் வேணாம் சேர், பூனை எண்டு வைப்பம்" என்றார்கள். வைத்துக்கொண்டோம். நோயின் பேரைச் சொல்லக் கூசுகிற பிள்ளைக்குப் பூனையைப் பற்றிக் கதைக்கக் கூச்சமில்லை. மணி அடித்த பிறகும் எழும்பாமல் இருந்தவன் அந்தப் பகிடிக்காரன்தான்: "எங்கட வீட்டிலையும் அந்தப் பூனை நிக்குது சேர்."

இப்போது பிள்ளைகளே கைபேசியில் படம் எடுக்கிறார்கள். முதற்கதையில் தற்கொலைக் காட்சி இருந்தது, வெட்டச் சொன்னேன். செய்த விதத்தைக் காட்டுவது நலிந்த மனங்களைத் தூண்டும். திரைத்துறையினருக்கான அந்நிறுவனத்தின் 2019 கையேடும் இதைத் தவிர்க்கச் சொல்கிறது. உதவி கேட்டு மீண்டவனைக் காட்டலாம். படத்தைப் போட்டுவிட்டு ஆசிரியர் எழும்பிப் போகக் கூடாது. பின்னுள்ள அரைமணி நேரக் கதைதான் முக்கியம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைக் கரும்பலகை மூலையில் எழுதி வைத்திருக்கிறேன். அழிக்க வேண்டாமென்று மொனிட்டரிடமும் சொல்லியாயிற்று.