தொங்கும் விரலுக்கு என்ன குறியீடு?

கேட்ச் பிடிக்கும்போது பந்து உள்ளங்கையில் விழாமல், நீட்டிய விரலின் நுனியில் வந்து மோதுவதுண்டு. விரலின் கடைசி எலும்பை நிமிர்த்திப் பிடிக்கும் மெல்லிய தசைநாண் அந்த அடியில் அறுந்துவிடும். அப்புறம் நுனிக் கணு தொங்கிக் கிடக்கும். மற்றொரு கையால் தூக்கினால் நிமிரும், விட்டால் விழும். மருத்துவர்கள் இதை மேலட் ஃபிங்கர் என்கிறார்கள். பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. நுனிக் கணுவை நிமிர்த்தி ஸ்பிளின்ட் கட்டி, 6 முதல் 8 வாரம் ஒரு தடவைகூட மடங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் சேர்ந்துவிடும்.

சிகிச்சை இவ்வளவுதான். ஆனால் அதற்குக் குறியீடு போடும் மெடிக்கல் கோடரைக் கேட்டால் பெருமூச்சு விடுவார். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளை வாசித்துக் குறியீடு போடும் இளைஞர்கள் ஏராளம். அவர்கள் பதியும் எண்ணை வைத்துத்தான் அங்குள்ள காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் விரல் கோணல்கள் எல்லாம் எம்20.0 என்ற ஒரே எண்ணில் அடங்கிவிடும். அமெரிக்கா அதைத் தனக்கென விரித்து எழுதிக்கொண்டது. அந்தப் பதிப்பு 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய பட்டியலில் ஏறத்தாழ 14,000 நோய்க் குறியீடுகள். புதியதில் ஏறத்தாழ 70,000. வலதா இடதா என்று பிரித்ததே இந்தப் பெருக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம். வலக்கை மேலட் விரலுக்கு எம்20.011, இடக்கைக்கு எம்20.012. நடுக்கணு மடங்கி நுனி பின்னுக்கு வளையும் பூட்டனியர் கோணலுக்கு எம்20.02 வரிசை. அதற்கு நேர்மாறாக நடுக்கணு பின்னுக்கு வளைந்து நுனி மடங்கும் அன்னக்கழுத்துக் கோணலுக்கு எம்20.03. முடக்குவாத நோயாளிகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

இதுவரை சிக்கல் இல்லை. நேற்று பந்து பட்டு விரல் தொங்குபவருக்கும் எம்20 போடலாமா என்பதில்தான் கோடர்களுக்குள் வாக்குவாதம். பட்டியலின் அகரவரிசையில் மேலட் விரல் என்று தேடினால் அது எம்20-க்கே கைகாட்டும். ஆனால் வழிகாட்டு விதி வேறு சொல்கிறது: புதிதாகப்பட்ட காயம் எஸ் என்று தொடங்கும் காய அத்தியாயத்தில் சேர வேண்டும், ஆறிப்போன காயம் விட்டுச்சென்ற கோளாறுதான் எம் அத்தியாயத்துக்கு உரியது. விதிப்படி பார்த்தால், நேற்றைய அடிக்கு விரல் நிமிர்த்தும் தசைநாண் காயத்துக்கான எஸ்66.3 வரிசையே பொருத்தம் என்பது என் கருத்து. தசைநாண் எலும்புச் சில்லோடு பெயர்ந்திருந்தால் எலும்பு முறிவுக்கான எஸ்62 வரிசைக்குப் போக வேண்டும்.

இந்த இரண்டு அத்தியாயங்களின் நுணுக்கமும் ஒன்றல்ல. எஸ்66 வரிசை எந்த விரல் என்றுவரை கேட்கிறது. எம்20.01 எந்தக் கை என்பதோடு நின்றுவிடும். ஒரே கையில் இரண்டு விரல் தொங்கினாலும் ஒரே குறியீடுதான். இத்தனைக்கும் விரல் சொடுக்கிக்கொண்டு மாட்டிக்கொள்ளும் டிரிகர் ஃபிங்கருக்கு எம்65.3 வரிசையில் கட்டைவிரல் முதல் சுண்டுவிரல்வரை தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள். மேலட் விரலுக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனமோ!

ஒரு சார்ட்டைப் பார்ப்போம். இடக்கையில் அவகாடோ பழத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டையைக் கத்தியால் எடுக்கப்போய், இடது ஆள்காட்டி விரலில் கத்தி இறங்கிவிட்டது. அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்குப் பழகிய விபத்து இது. மடக்கும் தசைநாண் அறுந்திருந்தால் எஸ்66.121ஏ. தோலில் உள்ள வெட்டுக்குத் தனியாக எஸ்61.211ஏ. விரல் நரம்பும் அறுந்திருந்தால் எஸ்64.491ஏ. கத்தியால் பட்டது என்பதற்கு இன்னொரு குறியீடு. மருத்துவர் ‘விரலில் வெட்டு, தையல் போட்டோம்’ என்று ஒரு வரியில் முடித்திருந்தால் இதில் பாதிக்கு மேல் போட முடியாது. ஊகித்துப் போடக் கோடருக்கு உரிமையில்லை. மருத்துவருக்கு க்வெரி அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

கடைசியில் நிற்கும் அந்த ‘ஏ’ பலரைக் கவிழ்த்துவிடும். முதல் தடவை வந்தால் ஏ, மறுபடி வந்தால் டி என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தவறுகிறார்கள். எத்தனையாவது வருகை என்பது கணக்கே இல்லை. காயத்துக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும்வரை ஏ. இரண்டு வாரம் கழித்து வேறொரு மருத்துவர் தசைநாணை இணைத்துத் தைத்தாலும் ஏதான். ஆறும் காலத்தில் கட்டுப் பிரிக்கவும் பயிற்சிக்கும் வந்தால் டி. காயம் ஆறி மாதங்களுக்குப் பின் கோணல் மிஞ்சினால் இரண்டு குறியீடு வேண்டும்: முதலில் இன்றைய கோணலுக்கான எம் எண், அடுத்து அன்றைய காயத்தின் எண், அதன் கடைசியில் எஸ். இந்த வரிசை மாறக் கூடாது.

இது அமெரிக்கக் கணக்கு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இந்தியாவில் மருத்துவமனை நிரப்பும் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்திலும் ஐசிடி-10 குறியீட்டுக்குக் கட்டம் இருக்கிறது. பாலிசி எடுத்த முதல் 30 நாள் காத்திருப்பு விதி நோய்க்குப் பொருந்தும், விபத்துக்குப் பொருந்தாது. புதிதாக அறுந்த தசைநாணைப் பழைய கோணல் என்று எழுதிவிட்டால், வரவேண்டிய பணத்துக்குக் கேள்வி மேல் கேள்வி வரும். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் பைக்குள் மடித்து வைத்துவிடாதீர்கள். எந்தக் கை, எந்த விரல், என்றைக்கு, எப்படி அடிபட்டது என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.