வராதவரை விசாரிப்போம்



தனியே வசிக்கும் முதியோருக்கு மருந்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். சில வீடுகளில் மருந்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. "கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்க வாப்பா" என்கிறார்கள். பிள்ளைகள் வளைகுடாவில். பணம் தவறாமல் வருகிறது, தினமும் வீடியோ காலும் வருகிறது. ஆனால் போனை வைத்தபின் வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை.

இது வெறும் மனக்குறை அல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இதயநோய், பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றின் ஆபத்தையும் அது கூட்டுகிறது. வயோதிகர்களை மட்டுமல்ல, வாலிபர்களையும் அது விடுவதில்லை. ஆட்கள் நிறைந்த வீட்டிலும் ஒருவர் தனித்துப்போகலாம்.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்மணியைச் சில நாட்களாகக் காணவில்லை. நபியவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றனர் தோழர்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவரது கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கு சென்று தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்செய்தி உள்ளது. மற்றவர்கள் சிறிதாக எண்ணிய ஒருவர் வராததை நபியவர்கள் கவனித்தார்கள். நாம் கற்க வேண்டியது இதைத்தான்.

என்ன செய்யலாம்?

ஸஃப்பில் வழக்கமாக நிற்பவரைக் காணோமென்றால் அன்றே வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்வோம். தனியே இருக்கும் பெண்களைப் பெண்கள் சென்று பார்க்கட்டும். வீட்டில் செய்ததில் ஒரு கிண்ணம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம். போனை ஓரமாக வைத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்வோம். உதவி செய்வதோடு நில்லாமல், அவர்களிடம் உதவியும் கேட்போம். பிள்ளைகளுக்கு அலிஃப் பா சொல்லிக்கொடுக்க, நோன்புக் கஞ்சியின் பக்குவம் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர் யார்? தான் இன்னும் தேவைப்படுகிறோம் என்ற நினைப்பே பாதி மருந்து.

தனிமையில் தவிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: யாராவது வரட்டும் என்று காத்திராதீர்கள். முதல் ஸலாம் உங்களுடையதாக இருக்கட்டும்.

உறக்கமின்றி, உணவின்றி, வாழ்வே வெறுத்துப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

இந்த ஜும்ஆவுக்குப் பின் ஒரே ஒரு கதவைத் தட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.