எந்த நாள், எங்கே, எத்தனை மணிக்கு

குடியை விட வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்தால் அது நெடுநேரம் நிற்பதில்லை. இரவு வெறி தெளிந்து, வீட்டில் ஒருவரும் முகம்கொடுத்துப் பேசாத விடியலில் அது வரும். மத்தியானத்துக்குள் கரைந்துபோகவும் கூடும். அந்தச் சில மணி நேரத்தில் அவருக்குப் புத்திமதி தேவைப்படாது, அதை வேண்டிய அளவு கேட்டிருப்பார். தன்னைப்போலக் குடித்துப் பிறகு விட்டவர்கள் எந்த நாளில், எங்கே, எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்று தெரிந்தால் போதும். மன்னார்த் தீவில் கள்ளுத்தவறணை எங்கே என்று யாரும் விசாரித்தறிய வேண்டியதில்லை. கசிப்பு விற்கும் வளவும் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். தெரியப்படுத்துவதில் விற்பவருக்கு இலாபம் இருக்கிறது. குடியை விட்டவர்கள் கூடும் இடத்தைச் சொல்வதில் யாருக்கும் ஒரு சதம் இலாபமில்லை. போதாததற்கு, பெயரை வெளியிடாமை அவர்களுடைய அடிப்படை நெறி. பெயரை மறைக்கப்போய் இடமும் நேரமும் சேர்ந்து மறைந்துவிடுகின்றன. இந்தச் சின்னச் சிக்கலுக்காகவே தொண்டர்கள் சிலர் பல ஆண்டுகளாக இலவச மென்பொருள் எழுதிவருகிறார்கள். அதனால் மன்னாருக்குப் பயன் உண்டு என்பது என் வாதம். ஆனால் அந்தப் பயனைக் கைத்தொலைபேசித் திரையில் மின்னும் வரைபடத்தில் தேடுவோர் ஏமாறுவார்கள். பின்னால் இருக்கும் பட்டியலையும், அதைத் திருத்திவைக்கும் ஆளையும்தான் பார்க்க வேண்டும்.

அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், சுருக்கமாக ஏஏ, 1935 ஜூனில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்தது. பங்குச் சந்தையில் தொழில் செய்த ஒருவரும் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரும், இருவருமே குடிநோயாளர், ஒருவரோடொருவர் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். போதைப்பொருள் பாவித்தவர்களுக்கான நார்கோட்டிக்ஸ் அனோனிமஸ், என்ஏ, 1953இல் கலிபோர்னியாவில் உருவானது. இந்தியாவுக்கு ஏஏ 1957இல் வந்தது. கொழும்பிலும் குழுக்கள் இயங்குகின்றன. கூட்டத்துக்குக் கட்டணமில்லை, பெயர்ப் பதிவில்லை, மேடைப் பேச்சாளர் இல்லை. சில கதிரைகள், தேநீர், தன் கதையைச் சொல்பவர், அதைக் கேட்பவர்கள். மண்டபச் செலவுக்கு வந்தவர்களிடமே காசு சேர்ப்பார்கள். 1950இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட 12 மரபுகளின்படி ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது. வெளியார் பணத்தை வாங்காது. வெளி நிறுவனம் எதற்கும் தன் பெயரை இரவல் கொடுக்காது. இயக்கத்தை இத்தனை காலம் உடையாமல் வைத்திருப்பவை இந்த மரபுகள். பட்டியல் வேலையைச் சிக்கலாக்கியவையும் இவைதான். மேலிடம் உத்தரவு போட்டுக் கூட்டம் நடத்துவதில்லை என்பதால், எந்தக் கூட்டம் நின்றுபோனது, எது செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாறியது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல ஆளில்லை. அச்சடித்த பட்டியல் மை காயுமுன் பழசாகும். பூட்டிய மண்டபத்தின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பும் புதியவர் மறுபடி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்காக எழுதப்பட்ட மென்பொருள்களில் இரண்டைச் சொன்னால் போதும். முதலாவது, என்ஏ தொண்டர்களின் பேசிக் மீட்டிங் லிஸ்ட் டூல்பொக்ஸ், அதாவது பிஎம்எல்டி. ஒரு வழங்கியில் கூட்டங்களின் தரவுத்தளம் இருக்கும். அதிலிருந்து எடுத்து இணையத்தளத்தில் காட்ட ஒரு துணைக் கருவி, அச்சுத்தாளாக மடித்துத் தர இன்னொன்று, பல ஊர் வழங்கிகளின் பட்டியல்களை ஒன்றுசேர்க்க வேறொன்று. இவற்றுக்குக் குரூட்டன், பிரெட், டொமேட்டோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிஎம்எல்டியில் எம்மை எடுத்தால் வரும் பிஎல்டி அமெரிக்கர் விரும்பிச் சாப்பிடும் ஒரு சாண்ட்விச். நிரல் எழுதுபவர்களின் பகிடி அது. இரண்டாவது, கோட் ஃபோர் ரிகவரி என்ற தொண்டர் அமைப்புப் பராமரிக்கும் டுவெல்வ் ஸ்டெப் மீட்டிங் லிஸ்ட். வேர்ட்பிரஸ் தளம் எதிலும் பொருத்திக்கொள்ளக்கூடிய நீட்சி இது. ஏஏயின் மீட்டிங் கைட் செயலிக்கு ஊட்டம் கொடுப்பவையும் இப்படிப்பட்ட உள்ளூர்த் தளங்களே. செயலி தானாக ஒரு கூட்டத்தையும் கண்டுபிடிப்பதில்லை. உள்ளூர் அலுவலகங்கள் வெளியிடும் பட்டியல்களை இழுத்துவந்து, தேடுபவர் நிற்கும் இடத்துக்கு அருகில் இருப்பதை முதலில் காட்டுகிறது, அவ்வளவே. அந்தப் பட்டியலும் மந்திரமல்ல. கூட்டத்தின் பெயர், கிழமை (ஞாயிறுக்கு 0, சனிக்கு 6), நேரம், இடம், முகவரி, வகைக்குறி. எவரும் வரலாமா, பிரச்சினை உள்ளவர்கள் மட்டுமா, பெண்களுக்கு மட்டுமா என்பதை வகைக்குறி சொல்லும். கடைக்கணக்கைக் கொப்பியில் எழுதத் தெரிந்தவர் இதை ஒரு விரிதாளில் நிரப்பிவிடுவார்.

நிரல் இலவசம் என்பதைவிட அது திறந்து கிடக்கிறது என்பது மன்னாருக்கு முக்கியம். போருக்குப் பிந்திய வடக்கில் திட்டப் பணத்தில் முளைத்து, திட்டம் முடிந்ததும் அணைந்துபோகும் முயற்சிகள் புதிதல்ல. பணம் கொடுத்து ஒரு செயலியைச் செய்விக்கலாம். மூன்றாம் ஆண்டில் வழங்கி வாடகையை யார் கட்டுவது, பூட்டிய நிரலை யார் திறந்து திருத்துவது? நிரல் பொதுவில் இருந்தால் தமிழ் இடைமுகம் வேண்டும் என்பவர் எவரிடமும் அனுமதி கேட்காமல் மொழிபெயர்க்கலாம். நிரல் எழுதியவர்கள் நாளைக்கு விலகினாலும் பட்டியல் ஒரு அட்டவணையாக நம் கையில் இருக்கும், வேறொரு கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம். வெளியார் பணம் வாங்கக்கூடாது என்ற மரபோடும் இது ஒத்துப்போகிறது. ஒரு மதுபானக் கம்பனியின் விளம்பரம் அந்தத் திரையில் எட்டிப்பார்க்கும் ஆபத்தும் இல்லை.

மன்னாரில் அப்படித் தேடிக் கண்டுபிடிக்க எத்தனை கூட்டம் இருக்கப்போகிறது, நியூயோர்க்குக்கு எழுதிய கருவி பேசாலைக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயிரம் கூட்டம் உள்ள ஊரில் பட்டியல் தவறினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். ஒன்றோ இரண்டோ மட்டும் நடக்கக்கூடிய இடத்தில் தவறான ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஆகவே சிறிய பட்டியலுக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். கூட்டத்தால் பயன் உண்டா என்றால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு 27 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 10,565 பேரையும் ஒருங்கே எடுத்துப் பார்த்தது. நோயாளரை முறையாக ஏஏயுடன் இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்றச் சிகிச்சை முறைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ நின்றது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் இணைத்துவிடுவது. போய்ப் பார் என்று வாயால் சொல்லி அனுப்புவது இணைப்பாகாது; நாளும் இடமும் நேரமும் எழுதிய தாளைக் கையில் கொடுப்பது அதன் தொடக்கம். ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை, மதுவைப் பற்றியவை. ஐஸ் போதைப்பொருளுக்கும் ஹெரோயினுக்கும் இதே முடிவைத் தூக்கி ஒட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020 பெருந்தொற்றுக்குப் பிறகு இணையக் கூட்டங்களும் இந்தப் பட்டியல்களில் ஏறிவிட்டன. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர். இரு கரைக்கும் கடிகாரம் ஒன்றே. தமிழ்நாட்டுக் குழு ஒன்று இரவு எட்டு மணிக்குத் தமிழில் இணையக் கூட்டம் நடத்தினால் வங்காலையிலும் அது எட்டு மணிதான். இரு கரைக்கும் இடையே இருந்து, 1964 புயலும் பின்னர் வந்த போரும் அறுத்த கப்பல் பாதையைவிட இந்தப் பாதை மலிவு.

ஆனால் எட்டு மணி யாருக்குத் தோதான நேரம்? இங்கேதான் இறக்குமதிப் பட்டியல் தடுக்கி விழும். அலுவலகம் முடிந்து வருபவருக்காக வகுத்த நேரம் அது. கடற்றொழிலாளி பின்னேரம் கடலுக்குப் போய் விடியலில் கரை சேர்கிறார். மீனை ஏலம் போட்டு, வலையைத் தட்டி, காசு கைக்கு வரும் காலை ஒன்பது பத்து மணிதான் அவருக்கு ஆபத்தான வேளை. சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஒரு கரையிலும் வாடைக்காலத்தில் மறுகரையிலுமாக வாடி போட்டு இடம்மாறும் குடும்பங்கள் உண்டு. இந்திய இழுவைப்படகுகள் வரும் இரவுகளில் வலை அறுபடும் என்று கடலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர்கள் உண்டு. வேலையில்லாத அந்த இரவும் குடிக்கு உகந்தது, கூட்டத்துக்கும் உகந்தது. இதையெல்லாம் அறிந்து நேரத்தை வைப்பது குழுவின் வேலை, மென்பொருளின் வேலையல்ல. பருவத்துக்குப் பருவம் நாளும் இடமும் மாறும் கூட்டத்தை ஒரு வரியை மாற்றி உடனே சரியாகக் காட்டுவதுதான் மென்பொருளால் ஆவது. முகவரியிலும் இதே கதை. வரைபடக் கருவிகள் தெருப்பெயரும் வீட்டிலக்கமும் கேட்கும். நம் ஊர்களில் முகவரி என்றால் மாதா கோயிலுக்குப் பின்னால், பெருக்கமரத்தடியில் இறங்கி இடப்பக்கம் என்றுதான். தலைமன்னார் கிராமத்தையும் தலைமன்னார் பியரையும் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் புள்ளி வைக்கும் இயந்திரத்தை நம்புவதைவிட, அந்த இடத்தில் நின்று அகலாங்கு நெட்டாங்கைக் கையால் குறித்து, வழிக்குறிப்பைப் பேச்சுத் தமிழில் எழுதிவிடுவது மேல். பிஎம்எல்டியில் இடத்தைப் பற்றிய மேலதிகக் குறிப்புக்கென்றே தனிப் புலம் உண்டு.

இரகசியத்தைப் பற்றிய ஆட்சேபம் இவற்றைவிடக் கனமானது. அதற்கு முழுப் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொழும்பில் ஒருவர் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தால் அவரை அறிந்தவர் தெருவில் இருக்கமாட்டார். மன்னாரில் யாருடைய மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது என்பது பின்னேரத்துக்குள் ஊர்க்கதை. கூட்டம் நடக்கும் இடத்தை வரைபடத்தில் குத்திவைத்தால் வேடிக்கை பார்ப்பவருக்கும் அது வழிகாட்டும். கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் சேர்ந்து வாழும் மாவட்டம் இது. கோயில் மண்டபத்தில் கூட்டம் என்றால் முஸ்லிம்கள் வாழும் எருக்கலம்பிட்டியிலிருந்து ஒருவர் வருவாரா? குடிப்பதே விலக்கப்பட்ட சமூகத்தில் குடியை விட்டேன் என்று சொல்வதற்கு இரட்டைத் துணிச்சல் வேண்டும். போதைப்பொருள் பாவித்தவரின் பயம் வேறு. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸார் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைதானதைக் கண்டவர், பகிரங்கமாக அறிவித்த கூட்டத்துக்குப் போனால் பொலிஸார் வாசலில் நிற்பார்களோ என்று நினைப்பது பிழையல்ல. மென்பொருள் இங்கே பாதிதான் உதவும். தேடுபவரிடம் பெயரோ கடவுச்சொல்லோ கேட்பதில்லை. தகவலை வேறெங்காவது அனுப்புகிறதா என்பதை நிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் சோதிக்கலாம். எதைப் பட்டியலிடுவது, எதை மறைப்பது என்பதும் குழுவின் கையில். என்ஏ கூட்டமானால் இடத்தைப் போடாமல் ஊரின் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டும் போடலாம். ஏஏ கூட்டத்தை எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லாத பொதுக் கட்டிடத்தில், வேறு அலுவல்களுக்காகவும் ஆட்கள் வந்துபோகும் நேரத்தில் வைக்கலாம். கூட்டத்துக்கு வருபவர் கதவைத் திறக்கும்போது கண்டவர் வாய் திறக்காமல் இருப்பாரா என்பதற்கு மட்டும் எந்த நிரலும் உறுதி தராது.

இணையம் எல்லோரிடமும் இல்லை என்ற குறைபாட்டுக்கு விடை சுலபம். பிஎம்எல்டியைச் சேர்ந்த யாப் என்ற கருவி தொலைபேசி அழைப்பை ஏற்று, அழைப்பவரின் ஊரைக் கேட்டு, அருகிலுள்ள கூட்டத்தைக் குரலாகவோ குறுஞ்செய்தியாகவோ சொல்லும். அது இணைய வழித் தொலைபேசிச் சேவையில் ஓடுவதால் அழைப்புக்குச் செலவு உண்டு, தமிழில் ஒலிப்பதிவும் செய்ய வேண்டும்; ஒன்றிரண்டு கூட்டத்துக்கு அது சற்று மிகைதான். அச்சுத்தாள்தான் என் தேர்வு. ஒரே பட்டியலிலிருந்து இரண்டு நிமிடத்தில் எடுத்த ஒரு பக்கத்தை மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை, பிரதேச செயலகங்கள், பங்குத்தந்தை, மௌலவி, கூட்டுறவுச் சங்கம் என்று கொடுத்துவிடலாம். முதலில் தேடுபவர் குடிப்பவராக இருக்கப்போவதுமில்லை. அது பெரும்பாலும் மனைவி, தாய், கைத்தொலைபேசி வைத்திருக்கும் மகள். அவர்களுக்கென்று 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனொன் குடும்பக் கூட்டங்கள் இருக்கின்றன. பெண்கள் இரவில் பஸ் ஏறிப் போக முடியாத இடத்தில் பகல் நேரத்து இணையக் கூட்டம் ஒன்றை அதே தாளில் சேர்ப்பதற்கு ஒரு வரி போதும்.

அந்தத் தாளில் வேறு இரண்டு எண்களும் இருக்க வேண்டும்: தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல நிறுவனத்தின் 1926. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் போக வேண்டிய இடம் வைத்தியசாலை, கூட்டம் அடுத்தது. இதைச் சொல்லாத பட்டியல் எவ்வளவு அழகாக இருந்தாலும் குறைபட்டது. எல்லாம் ஏற்பாடாகி, மென்பொருளும் இலவசமாகக் கிடைத்த பிறகு மிஞ்சுவது அலுப்பூட்டும் ஒரு வேலை: மாதம் ஒருமுறை ஒவ்வொரு கூட்டத்துக்கும் தொலைபேசி எடுத்து, நடக்கிறதா என்று கேட்டு, மாறியதை மாற்றி, நின்றதை அழிப்பது. இதற்கு நிரல் அறிவு வேண்டாம். ஒருவர் தவறினால் செய்ய இன்னொருவர் வேண்டும், இருவருக்கும் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். தாளின் அடியில், கடைசியாகச் சரிபார்த்தது இந்தத் திகதியில் என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். திகதி மூன்று மாதம் பழசென்றால், எடுத்துப் பார்ப்பவர் புறப்படுமுன் ஒரு தடவை தொலைபேசியில் கேட்டுக்கொள்வார்.